எக்ஸ்பி: உங்கள் பாத்திரம் வளரும் கணக்கு

நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "என் பாத்திரம் எப்போது பலமாகும்?" அதற்கான பதில் பாத்திரத் தாளில் காலியாகக் கிடக்கும் ஒரு சிறிய கட்டத்தில் இருக்கிறது. அனுபவப் புள்ளிகளை எழுதிவைக்கும் கட்டம் அது. ஆடுகிறவர்கள் சுருக்கமாக எக்ஸ்பி என்பார்கள்.

அடிப்படை எளிது. பாத்திரங்கள் சாகசத்தில் எதையாவது சாதித்தால், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் அதற்குப் புள்ளி தருவார். புள்ளிகள் சேர்ந்து ஓர் எல்லையைத் தொட்டதும் பாத்திரம் ஒரு லெவல் ஏறும். லெவல் ஏறினால் தாங்கக்கூடிய அடி கூடும். குறி தப்பாமல் தாக்கும் வாய்ப்பு கூடும். புதிய மந்திரமோ வித்தையோ கைவரும். கணினி விளையாட்டு ஆடியவர்களுக்கு இது பழகிய ஏற்பாடுதான். மேசை விளையாட்டிலிருந்துதான் அது அங்கே போனது.

"எதையாவது சாதித்தால்" என்றேன். அந்த "எது" என்ன என்பதுதான் ஆட்டத்தின் உயிர்நாடி. விதிப்புத்தகம் எதற்குப் புள்ளி தருகிறதோ, அதைத்தான் ஆட்டக்காரர்கள் தேடிப்போவார்கள். சண்டைக்குப் புள்ளி என்றால் சண்டை நடக்கும். புதையலுக்குப் புள்ளி என்றால் சண்டையைத் தவிர்த்துவிட்டுப் புதையலைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அட்டவணையில் இருக்கும் எண்களைவிட, அந்த எண்கள் எதற்காகத் தரப்படுகின்றன என்பதைப் புரிந்துகொண்டாலே ஒரு விளையாட்டின் குணத்தைப் பாதி புரிந்துகொண்ட மாதிரி.

முதலில் பரவலாக ஆடப்படும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. அதில் ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு சவால் அளவு உண்டு. அந்த அளவுக்கு இத்தனை எக்ஸ்பி என்று அட்டவணை சொல்லிவிடும். கோப்ளின் எனும் குள்ளப் பூதத்துக்கு 50. அதைவிடப் பெரிய ஓகருக்கு 450. நான்கு பாத்திரங்கள் கொண்ட குழு நான்கு கோப்ளின்களை வென்றால் மொத்தம் 200 எக்ஸ்பி. அதை நான்காகப் பங்கிட்டால் ஆளுக்கு 50. இரண்டாம் லெவலுக்கு 300 வேண்டும். ஆக, இதே போன்ற சண்டைகள் ஆறு.

புதிய கேம் மாஸ்டர்கள் குழம்பும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. சண்டை எவ்வளவு ஆபத்தானது என்று முன்கூட்டியே மதிப்பிட அதே புத்தகம் ஒரு பெருக்கல் முறையைத் தருகிறது. எதிரிகள் கூட்டமாக வந்தால் ஆபத்து அதிகம் அல்லவா? அதனால் நான்கு கோப்ளின்களின் 200ஐ இரண்டால் பெருக்கி 400 என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. முதல் லெவல் குழுவுக்கு அது உயிருக்கே உலை வைக்கும் சண்டை என்று அட்டவணை எச்சரிக்கும். ஆனால் இந்த 400 ஆபத்தை அளக்க மட்டுமே. சண்டை முடிந்து பங்கிடும்போது பழைய 200தான். இரண்டையும் கலந்துவிட்டால் பாத்திரங்கள் இருமடங்கு வேகத்தில் வளர்ந்து, சில வாரங்களில் நீங்கள் தயாரித்து வைத்திருந்த எதிரிகளெல்லாம் அவர்களுக்குத் தூசாகிவிடுவார்கள்.

"வென்றால்" என்பதற்குக் "கொன்றால்" என்று மட்டும் பொருள் கொள்ளவேண்டாம். விரட்டியடிப்பதும் சிறைபிடிப்பதும் வெற்றிதான். புத்தகமே அப்படித்தான் சொல்கிறது. பேசியே சமாளித்த ஆபத்துக்கும், சாமர்த்தியமாகக் கடந்த பொறிக்கும் புள்ளி தரக் கேம் மாஸ்டருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைத் தாராளமாகப் பயன்படுத்தவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காவலாளியிடம் நயமாகப் பேசிக் கதவைத் திறக்க வைத்த குழுவுக்குப் பூஜ்யமும், அதே காவலாளியை வெட்டிச் சாய்த்த குழுவுக்கு முழுப் புள்ளியும் கிடைத்தால், அடுத்த முறை யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள், வாளைத்தான் உருவுவார்கள்.

இனி லெவல்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். இரண்டாம் லெவலுக்கு 300, மூன்றாவதுக்கு 900, நான்காவதுக்கு 2,700, ஐந்தாவதுக்கு 6,500. இப்படியே போய் இருபதாம் லெவலுக்கு 3,55,000. இவை மொத்தக் கணக்கு. லெவல் ஏறியதும் புள்ளிகள் அழிவதில்லை, மேலே மேலே சேர்ந்துகொண்டே போகும். முதல் சில லெவல்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். புதியவர் ஆட்டத்தைப் பழகும்வரை பாத்திரம் எளிமையாக இருக்கட்டும், பழகியதும் சுவையான வித்தைகள் சீக்கிரம் கைக்கு வரட்டும் என்ற எண்ணம் இதில் தெரிகிறது. அந்தச் சுவை ஐந்தாம் லெவலில் முழுமையாகக் கிடைக்கிறது. அதுவரை ஒரு முறைக்கு ஒரு வீச்சு வீசிய போர்வீரன் இரண்டு வீசத் தொடங்குவான். மந்திரவாதிக்கு எட்டு பகடை சேதம் தரும் நெருப்புக்கோளம் கிடைக்கும். அதற்கு முன்பு ஒளிந்து ஒளிந்து போன குழு, அதன்பிறகு நிமிர்ந்து நடக்கும்.

எல்லை உயர்ந்துகொண்டே போவதில் இன்னொரு நன்மை. ஒன்பதாம் லெவலிலிருந்து பத்தாவதுக்குப் போக 16,000 புள்ளிகள் வேண்டும். அந்த வீரர்கள் நால்வர் இன்னமும் கோப்ளின்களைத் தேடிப்பிடித்து அடித்துக்கொண்டிருந்தால், ஒரு கோப்ளினுக்கு ஆளுக்குப் பன்னிரண்டரைப் புள்ளிதான். லெவல் ஏற 1,280 கோப்ளின்கள் தேவைப்படும். "எளிய எதிரிகளை அடித்துப் புள்ளி சேர்க்கக் கூடாது" என்று யாரும் தடைபோட வேண்டியதில்லை. கணக்கே அவர்களைப் பெரிய ஆபத்துகளை நோக்கித் தள்ளிவிடுகிறது.

தொடக்க காலத்தில் கணக்கு வேறு மாதிரி இருந்தது. அந்தப் பழைய முறையை நான் மிகவும் மதிக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளியானது. அதில் எதிரியை வீழ்த்தினாலும் புள்ளி, புதையலைக் கொண்டுவந்தாலும் புள்ளி. ஒரு பொற்காசுக்கு ஒரு எக்ஸ்பி. முதலில் எதிரிகளுக்கும் தாராளமாகவே புள்ளி இருந்தது. மறு ஆண்டு வந்த கிரேஹாக் துணைநூல் அதைக் கடுமையாக வெட்டியது. அதன்பிறகு புதையல்தான் முக்கிய வருமானம். 1981இல் வந்த அடிப்படைப் பதிப்பில் ஒரு கோப்ளினுக்கு வெறும் 5 எக்ஸ்பி. அந்தக் கோப்ளின்கள் காவல் காக்கும் பெட்டியில் 500 பொற்காசு இருந்தால் 500 எக்ஸ்பி.

இப்போது நீங்களே அந்தக் குழுவில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாத்திரம் முதல் லெவலில் நிற்கிறது. ஒரே வெட்டில் செத்துப்போகும் அளவுக்குத்தான் உயிர்ப்புள்ளி. எதிரே நான்கு கோப்ளின்கள். அடித்தால் மொத்தமாக 20 புள்ளி, தோற்றால் உயிர் போகும். பின்வாசலில் புகுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் 500 புள்ளி. எந்த ஆட்டக்காரர் சண்டைக்குப் போவார்? தீனி போட்டுக் கவனத்தைத் திருப்புவார்கள், லஞ்சம் கொடுப்பார்கள், இரண்டு பூதக் கூட்டங்களை மோதவிட்டு நடுவில் நழுவுவார்கள். கொண்டுவந்து சேர்த்தால்தான் புள்ளி என்பதால், எடை தாங்கி வெளியேறும் வழியும் பெரிய கேள்வியாகிவிடும். பேராசை பிடித்த ஆட்டம் போலத் தோன்றும் ஒரு விதி, நடைமுறையில் யோசனையும் தந்திரமும் நிறைந்த ஆட்டத்தை உண்டாக்கியது. இன்றும் பழைய பாணி ஆட்டத்தை விரும்புகிறவர்கள் இந்த விதியைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாத்திர வகைக்கும் தனித்தனி அட்டவணை இருந்தது. இரண்டாம் லெவலுக்குத் திருடனுக்கு 1,200, பூசாரிக்கு 1,500, போர்வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. வாளும் மந்திரமும் ஒருசேரக் கைவந்த எல்ஃபுக்கு 4,000. பலம் அதிகமான வகைக்கு ஏணிப்படிகள் உயரமாக இருந்தன. வகைகள் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயத்தை இதனால் தவிர்த்துவிட்டார்கள். ஏறும் வேகத்தில் சமன்செய்தார்கள்.

இந்த அட்டவணைகளுக்குள் ஓர் அழகான ஏற்பாடு ஒளிந்திருக்கிறது. போர்வீரனின் எல்லைகள் 2,000, 4,000, 8,000, 16,000 என்று ஏறக்குறைய இரட்டித்துக்கொண்டே போகும். உங்கள் தோழரின் வீரன் நான்காம் லெவலில், அதாவது 8,000 புள்ளியில் இருக்கும்போது உங்கள் பாத்திரம் இறந்துவிடுகிறது. நீங்கள் புதிய வீரனைப் பூஜ்யத்தில் தொடங்குகிறீர்கள். இருவரும் சம பங்கு வாங்கிக்கொண்டு போனால், அவர் 16,000ஐத் தொட்டு ஐந்தாம் லெவல் ஏறும் நாளில் உங்களிடம் 8,000 இருக்கும். நீங்கள் நான்காம் லெவல். மூன்று லெவல் இடைவெளி ஒன்றாகச் சுருங்கிவிட்டது, யாரும் சலுகை காட்டவில்லை. மரணம் அடிக்கடி நிகழும் ஆட்டத்தில், பாத்திரத்தை இழந்தவர் ஓரமாக உட்கார்ந்து வாடாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

2000ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பு எல்லா வகைகளுக்கும் ஒரே அட்டவணை என்றாக்கியது: 1,000, 3,000, 6,000, 10,000. வாசிக்கவும் நினைவில் வைக்கவும் எளிது. அந்தப் பதிப்பில் மந்திரப் பொருள்கள் செய்வதற்கு மந்திரவாதிகள் தங்கள் எக்ஸ்பியையே செலவழிக்க வேண்டியிருந்தது. வளர்ச்சியை விற்றுக் கருவி வாங்கும் அந்த விதி பலருக்குக் கசந்தது; பின்னால் வந்த பதிப்புகளில் அது இல்லை.

பாத்ஃபைண்டர் விளையாட்டு இரண்டு சுவையான மாற்றங்களைச் செய்தது. 2009இல் வந்த முதல் பதிப்பு வேகம், நடுத்தரம், மெதுவு என்று மூன்று அட்டவணைகளைத் தந்தது. இரண்டாம் லெவலுக்கு முறையே 1,300, 2,000, 3,000. ஆட்டம் எவ்வளவு காலம் நீளவேண்டும் என்று முடிவுசெய்துவிட்டு அட்டவணையைத் தேர்ந்துகொள்ளலாம். 2019இல் வந்த இரண்டாம் பதிப்பு இதையெல்லாம் ஒதுக்கிவிட்டது. எந்த லெவலாக இருந்தாலும் 1,000 எக்ஸ்பி சேர்ந்தால் அடுத்த லெவல். ஏறியதும் ஆயிரத்தைக் கழித்துவிட்டு எண்ணத் தொடங்கவேண்டும். எதிரியின் புள்ளியும் நிலையானதல்ல. குழுவின் அதே லெவலில் இருக்கும் எதிரிக்கு 40, நான்கு லெவல் கீழே இருப்பவனுக்கு 10, நான்கு லெவல் மேலே இருப்பவனுக்கு 160. பங்கிடும் வேலையும் இல்லை, ஒவ்வொருவருக்கும் முழுப் புள்ளி. சண்டையல்லாத சாதனைகளுக்கும் 10, 30, 80 என்று அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. முதன்முதலில் ஆட்டம் நடத்த வருகிறவருக்குக் கணக்கு வழக்கில் தலை சுற்றாமல் இருக்க இந்த முறையைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

இதுவரை பார்த்ததெல்லாம் லெவல் ஏறும் விளையாட்டுகள். லெவலே இல்லாத விளையாட்டுகளும் ஏராளம். 1978இல் வந்த ரூன்குவெஸ்டும், அதே நிறுவனம் 1981இல் வெளியிட்ட கால் ஆஃப் கதுலூவும் வேறு பாதையில் போயின. அங்கே பாத்திரத்துக்குப் பல திறன்கள், ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண். ஆட்டத்தின்போது ஒரு திறனை வெற்றிகரமாகப் பயன்படுத்தினால் அதன் பக்கத்தில் ஒரு குறி போடுவீர்கள். சாகசம் முடிந்ததும் குறிபோட்ட திறன்களுக்கு நூறு வரை காட்டும் பகடையை உருட்டவேண்டும். இப்போது உங்கள் திறனைவிடக் கூடுதலான எண் விழுந்தால்தான் திறன் வளரும்.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். பூட்டுத் திறக்கும் திறன் 30 என்றால், 31 முதல் 100 வரை எது விழுந்தாலும் வளர்ச்சி. நூற்றுக்கு எழுபது வாய்ப்பு. அதே திறன் 85 ஆக இருந்தால் வாய்ப்பு பதினைந்துதான். கற்றுக்குட்டி வேகமாகக் கற்பான், கைதேர்ந்தவன் மெதுவாகக் கற்பான் என்ற வாழ்க்கை உண்மை எந்த அட்டவணையும் இல்லாமல் ஒரே பகடை வீச்சில் வந்துவிடுகிறது. பயன்படுத்தியதுதான் வளரும் என்பதால், ஆண்டு முழுக்க நூலகத்தில் புத்தகம் புரட்டிய துப்பறிவாளர் திடீரென்று வாள்வீச்சில் வல்லவராகிவிட மாட்டார்.

மூன்றாவது வகையில் எக்ஸ்பி என்பது செலவழிக்கும் நாணயம். வேம்பயர்: தி மாஸ்கரேட் 1991இல் வந்தது; அதில் ஒரு நாள் ஆட்டத்துக்குச் சில புள்ளிகளே கிடைக்கும். அவற்றைக் கொண்டு விரும்பிய திறனை வாங்கலாம். விலை இப்போதைய அளவைப் பொறுத்தது: பழைய பதிப்புகளில் மூன்றில் இருக்கும் ஒரு திறனை நான்காக்க, மூன்றை இரண்டால் பெருக்கி ஆறு புள்ளி. உடல்வலிமை போன்ற அடிப்படைக் குணம் என்றால் நான்கால் பெருக்கிப் பன்னிரண்டு. எதை வளர்ப்பது என்ற முடிவு முழுக்க உங்கள் கையில் இருப்பதால் பாத்திரம் உங்கள் மனம்போல உருவாகும். புதியவருக்கு இதில் ஒரு சிரமமும் உண்டு. அனுபவசாலி எதை வாங்கவேண்டும் என்று தெரிந்து வாங்கிவிடுவார். புதியவர் புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்பார். பக்கத்தில் இருப்பவர்கள் யோசனை சொல்லி உதவினால் நல்லது.

தோல்விக்குப் புள்ளி தரும் விளையாட்டும் இருக்கிறது. 2012இல் வந்த டன்ஜன் வேர்ல்டில் எதையும் தீர்மானிக்க ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டி, திறனுக்குரிய எண்ணைக் கூட்டவேண்டும். மொத்தம் ஆறோ அதற்குக் கீழோ வந்தால் முயற்சி தோல்வி. கேம் மாஸ்டர் ஏதாவது வில்லங்கத்தைக் கொண்டுவருவார். கூடவே உங்களுக்கு ஒரு எக்ஸ்பி. பகடை கவிழ்த்துவிட்டதே என்று முகம் தொங்கிப்போக வேண்டிய நேரத்தில் ஆட்டக்காரர் புன்னகையோடு தாளில் ஒரு குறி போடுவார். தன் பாத்திரத்துக்குக் கைவராத செயலிலும் துணிந்து இறங்குவார். முதல் லெவலிலிருந்து இரண்டாவதுக்கு எட்டுப் புள்ளி போதும். பிறகு ஒவ்வொரு லெவலுக்கும் ஒன்று கூடும். அன்றைய ஆட்டம் முடியும்போது குழுவாகச் சில கேள்விகள் கேட்டுக்கொள்வார்கள்: உலகத்தைப் பற்றி முக்கியமாக ஏதாவது தெரிந்துகொண்டோமா? குறிப்பிடத்தக்க எதிரியை வென்றோமா? நினைவில் நிற்கும் புதையல் கிடைத்ததா? ஒவ்வோர் "ஆம்"க்கும் எல்லோருக்கும் ஒரு புள்ளி. மூன்று கேள்விகளில் அந்த விளையாட்டு தன் ஆசைகளை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. 2017இல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க், உயிரைப் பணயம் வைக்கும் நிலையில் பகடை உருட்டினாலே புள்ளி தருகிறது. திருட்டுக் கும்பலின் கதைக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

எண்ணுவதே வேண்டாம் என்று சொல்லும் குழுக்களும் உண்டு. கதையில் ஒரு முக்கியக் கட்டத்தைத் தாண்டினால் எல்லோரும் ஒரு லெவல் ஏறலாம் என்று கேம் மாஸ்டர் அறிவிப்பார். இதை மைல்ஸ்டோன் முறை என்கிறார்கள். கணக்கு இல்லை, பங்கீடு இல்லை, ஒருவர் முந்தி ஒருவர் பிந்துவதும் இல்லை. எழுதி வைத்த நீண்ட கதையைப் பின்தொடரும் ஆட்டத்துக்கு இது மிகவும் ஏற்றது. ஆட்டக்காரர்களே எங்கே போவது, என்ன செய்வது என்று தீர்மானிக்கும் திறந்த உலக ஆட்டத்தில் இதை நான் தேர்ந்தெடுக்கமாட்டேன். எது முக்கியக் கட்டம் என்பது கேம் மாஸ்டரின் மனதில் மட்டும் இருந்தால், ஆட்டக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்தே நடப்பார்கள். புள்ளிக்கணக்கு வெளிப்படையாக இருக்கும்போது அவர்களே வழியைத் தேர்ந்துகொள்கிறார்கள். எப்போது லெவல் தருவது என்று தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்கு ஐந்தாம் பதிப்பின் வழிகாட்டி நூலில் ஓர் எளிய அளவு இருக்கிறது: முதல் அமர்வு முடிந்ததும் இரண்டாம் லெவல், இன்னோர் அமர்வில் மூன்றாவது, மேலும் இரண்டு அமர்வுகளில் நான்காவது, அதன்பின் இரண்டு மூன்று அமர்வுகளுக்கு ஒரு லெவல்.

வராதவருக்குப் புள்ளி உண்டா என்ற தகராறு எல்லா மேசையிலும் ஒரு நாள் எழும். கொடுத்துவிடுங்கள் என்பேன். வேலையோ உடல்நலமோ தடுத்ததால் வரமுடியாமல் போனவர், திரும்பி வரும்போது பாத்திரமும் பின்தங்கிக் கிடந்தால் இரட்டிப்பு இழப்பு. மேலே சொன்ன பழைய இரட்டிப்பு அட்டவணை அந்த இடைவெளியைத் தானாகவே மூடும். இன்றைய அட்டவணைகள் பலவற்றில் அந்த வசதி இல்லை. நன்றாக நடித்தவருக்குத் தனிப்பட்ட முறையில் எக்ஸ்பி தருவதையும் இதே காரணத்துக்காகத் தவிர்ப்பது நல்லது. கூச்சமில்லாமல் பேசுகிறவர் முன்னே போய்க்கொண்டே இருப்பார், அமைதியானவர் தேங்கிவிடுவார். பாராட்டவேண்டும் என்றால் ஒரு பகடையை மறுபடி உருட்டும் வாய்ப்பைக் கொடுங்கள்; அது அன்றைக்கே செலவாகிவிடும்.

நீங்களே ஆட்டம் நடத்தப்போகிறீர்கள் என்றால், முதல் அமர்வில் பாத்திரங்களை உருவாக்கும்போதே எதற்கெல்லாம் புள்ளி கிடைக்கும் என்று மேசையில் சொல்லிவிடுங்கள். ஒரு தாளில் எழுதி நடுவில் வைத்தால் இன்னும் நல்லது. புள்ளிகளை அமர்வின் முடிவில் கொடுங்கள். நடுவில் கணக்குப் பார்த்தால் கதை அறுந்துபோகும். லெவல் ஏறும் வேலையை வீட்டில் செய்துகொண்டு வரச் சொல்லலாம், புதியவர்கள் இருந்தால் எல்லோருமாக உட்கார்ந்து அடுத்த அமர்வின் தொடக்கத்தில் செய்யலாம். பாதி வழியில் எண்ணும் முறையிலிருந்து மைல்ஸ்டோனுக்கு மாற நினைத்தால், எல்லோரும் இப்போது சேர்த்துக்கொண்டிருக்கும் லெவலைத் தொட்ட பிறகு மாறுங்கள். அதுவரை சேர்த்த புள்ளி வீணாகிவிட்டது என்று யாருக்கும் தோன்றாது.